ரமண மகரிசி

ரமண மகரிசி (டிசம்பர் 30, 1879 – ஏப்ரல் 14, 1950) திருவண்ணாமலையில் வாழ்ந்த ஆன்மிக ஞானி ஆவார். 'நான் யார்' என்னும் தன்னாய்வை முத்திக்கு வழியாகக் காட்டியவர். இடது கையில் உண்டான சார்கோமா வகைப் புற்றுநோயால் காலமானார்.

இளமை

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியில் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். மதுரையில் பயின்றபோது, 1896-இல், தமது 16-ஆம் வயதில் திடீரென மரண அச்சத்துக்கு உள்ளாகி, உடல் அழிந்தபின் எஞ்சுவது யாது என ஆராய்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். பின்னர் அவ்வூரை விட்டு நீங்கவில்லை. விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் தங்கியிருந்தார். 1922-இல் தாயார் மறைந்தபின், மலையடிவாரத்தில் அவரது சமாதியைச் சுற்றி ரமணாசிரமம் உருவானது.

நோயும் சிகிச்சையும்

1948-இன் இறுதியில் இடது முழங்கை அருகே சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பெப்ரவரியில் ஆசிரம மருத்துவர் அதனை அகற்றினார். கட்டி மீண்டும் வளரவே, மார்ச்சில் சென்னையிலிருந்து வந்த மருத்துவர் இராகவாச்சாரி அறுவை செய்தார். திசு ஆய்வில் அது சார்கோமா எனத் தெரிந்தது. ரேடியம் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரு அறுவைகள் நடந்தன. மூலிகை, ஆயுர்வேதம், ஓமியோபதி முறைகளும் கையாளப்பட்டன.

கையைத் துண்டிக்க வேண்டும் என மருத்துவர்கள் கருதினர். ரமணர் அதற்கு மட்டும் இணங்கவில்லை. உடலே ஒரு நோய், அது தானாக முடியட்டும் என்பது அவர் நிலைப்பாடு. எனினும் அன்பர்கள் மனம் நோகாதிருக்கும் பொருட்டு ஏனைய சிகிச்சைகளை ஏற்றுக்கொண்டார்.

சார்கோமா

தசை, கொழுப்பு, எலும்பு முதலிய திசுக்களில் தோன்றும் புற்றுநோய் சார்கோமா எனப்படும். கட்டியைச் சுற்றியுள்ள நலமான திசுவையும் சேர்த்து அகற்றாவிடில், எஞ்சிய உயிரணுக்களிலிருந்து அது மீண்டும் வளரக்கூடும். குருதி வழியாக நுரையீரலுக்கும் பரவலாம். அக்காலத்தில் உறுப்பைத் துண்டிப்பதே முதன்மையான வழியாக இருந்தது. இன்று முதலில் வருடிப் படமும் திசு ஆய்வும் செய்யப்படுகின்றன. பின்னர் அறுவையையும் கதிர்வீச்சையும் இணைத்துப் பெரும்பாலோர்க்குக் கை கால்கள் காக்கப்படுகின்றன. எனவே வலியில்லாவிடினும் வளர்ந்துவரும் கட்டியை மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டுதல் வேண்டும்.

மறைவு

நோய் முற்றிய நிலையிலும் தம்மைக் காண வருவோரைத் தடுக்கலாகாது என்பதில் ரமணர் உறுதியாக இருந்தார். இறுதி நாட்களில் மக்கள் வரிசையாக அவர் அறை வாயிலைக் கடந்து சென்றனர். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு, அறைக்கு வெளியே அன்பர்கள் அவர் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருக்கையில் உயிர் பிரிந்தது. அவரது சமாதி ரமணாசிரமத்தில், தாயாரின் சமாதிக் கோயிலை அடுத்து அமைந்துள்ளது.