பேய்களையும் நண்பர்களாக்கிய பெருந்தகை
உபேந்திரகிசோர் ராய் சௌத்திரி



மாலை மயங்கியதும் நம் கேமரன் மலையில் மூடுபனி இறங்கத் தொடங்குகிறது. தேயிலைச் சரிவுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. லயன் வீடுகளின் விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. அவ்வேளையில் பாட்டியின் அருகே போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு பேய்க்கதை கேட்பதைப்போன்ற இன்பம் வேறொன்று உண்டோ? விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளிற் சுமந்து நடந்த கதையைக் கேளாத தமிழ்க் குழந்தைகள் மிகச் சிலரே. 1947ஆம் ஆண்டில் தோன்றிய அம்புலிமாமா இதழ் அக்கதைகளை மலேயாவிலிருந்த தமிழ்ச் சிறுவர்களின் கைகளிலும் சேர்த்தது.

ஆயினும், பேய்க்கதைகள் வீண்கதைகள் என்றும், குழந்தைகளுக்குரிய நூல்கள் எப்படியிருந்தாலும் போதும் என்றும் எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறென்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் மெய்ப்பித்தவர் ஒருவர் வங்காளத்தில் வாழ்ந்தார். அவர்தாம் உபேந்திரகிசோர் ராய் சௌத்திரி. அவருடைய வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இன்றைய வங்காளதேசத்தில் கிசோர்கஞ்சு மாவட்டத்தைச் சேர்ந்தது மசுவா என்னும் சிற்றூர். அங்கு 1863ஆம் ஆண்டு மே திங்களில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன் என்பதாகும். தந்தையார் காளிநாத் ராய் வடமொழி, அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளில் தேர்ந்த புலவர்.

குழந்தைக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபோது உறவினராகிய அரிகிசோர் ராய் சௌத்திரி என்னும் நிலக்கிழார் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார். பிறந்த வீடு ஒன்று, வளர்ந்த வீடு வேறொன்று என்றாயிற்று. பெயரும் உபேந்திரகிசோர் என மாறியது.

மைமன்சிங் நகரப் பள்ளியில் பயின்ற காலத்திலேயே ஓவியத்திலும் இசையிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. பின்னாளில் வயலின் வாசிப்பதில் அவர் சிறந்து விளங்கினார். இவையெல்லாம் படிப்பைக் கெடுக்கும் என்று சிலர் கருதினர். ஆனால் அவரோ படிப்பிலும் பின்தங்கவில்லை. மேற்கல்விக்காகக் கல்கத்தா சென்று 1884ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

கல்கத்தாவில்

கல்கத்தாவில் அவர் பிரம்ம சமாசத்திற் சேர்ந்தார். சாதி வேற்றுமையையும் மூடப் பழக்கங்களையும் எதிர்த்த சீர்திருத்த இயக்கம் அது. பழைமையிற் பற்றுடைய வளர்ப்புத் தந்தையாருக்கு இது மனவருத்தத்தை அளித்தது. ஆயினும் தாம் சரியெனக் கண்ட வழியினின்றும் அவர் விலகவில்லை. சீர்திருத்தத் தலைவர்களுள் ஒருவரான துவாரகாநாத் கங்கூலியின் மகள் விதுமுகியை மணந்தார். இந்தியாவின் முதற்பெண் மருத்துவர்களுள் ஒருவராகிய காதம்பினி கங்கூலி, துவாரகாநாத்தின் இரண்டாம் மனைவியாவார்.

உபேந்திரகிசோருக்கு மூன்று ஆண்மக்களும் மூன்று பெண்மக்களுமாக ஆறு பிள்ளைகள் பிறந்தனர். வீடு நிறையக் குழந்தைகள், இசை, ஓவியம், கதை! பிற்காலத்தில் மகள் புண்ணியலதா தம் குழந்தைப் பருவ நினைவுகளை ஒரு நூலாகவே எழுதினார்.

அக்காலத்தில் வங்காளத்தில் சிறுவர்க்கெனச் சில இதழ்கள் தோன்றியிருந்தன. சகா என்னும் இதழில் 1883ஆம் ஆண்டில், மாணவராக இருந்தபோதே, உபேந்திரகிசோர் எழுதத் தொடங்கினார். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் சிறுவர் படிக்கும் எளிய நடையில் எழுதினார். பண்டைக்காலத்து விலங்குகளைப் பற்றியும் வானத்து விண்மீன்களைப் பற்றியும் எழுதினார். எழுதியவர் அவரே, படம் வரைந்தவரும் அவரே.

கெட்டுப்போன படங்கள்

குழந்தைகளுக்கான இராமாயண நூல் அச்சாகி வந்தபோது அவர் பெரும் ஏமாற்றம் அடைந்தார். ஆசையோடு வரைந்த படங்கள் அடையாளம் தெரியாதவாறு கெட்டிருந்தன. அந்நாளில் படத்தை மரக்கட்டையிற் செதுக்கி, அக்கட்டையில் மையிட்டு அச்சிடுவர். ஓவியரின் நுண்ணிய கோடுகளும் நிழல்களும் செதுக்கும்போதே சிதைந்துவிடும்.

சிறுவர் நூல்தானே என்று அவர் விட்டிருக்கலாம். வேறு யாரையேனும் குறைகூறியும் இருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. அக்குறைக்குக் காரணம் யாது, அதனைத் தீர்ப்பது எங்ஙனம் என்று ஆராயலானார். மேலைநாட்டில் வளர்ந்துவந்த புள்ளிப்பட அச்சுமுறையைப் பற்றி நூல்கள் வாயிலாக அறிந்தார். தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்தார். 1895ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தொழிலகமே பின்னர் யு. ராய் அண்டு சன்ஸ் எனப் புகழ்பெற்றது.

மாணவர்களே, நாளிதழில் வந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்றுநோக்குங்கள். படம் முழுவதும் சிறுசிறு புள்ளிகளாகத் தோன்றும். புள்ளிகள் பெரிதாக நெருங்கியுள்ள இடம் கறுப்பாகவும், சிறிதாக விலகியுள்ள இடம் வெளிறியும் நம் கண்ணுக்குப் புலனாகும். இம்முறையை உபேந்திரகிசோர் கற்றுக்கொண்டதோடு நில்லாமல், புதிய வழிகளையும் கண்டறிந்தார். கணக்கும் ஒளியியலும் அவருக்குத் துணைநின்றன. இலண்டனில் வெளியான பென்ரோசு என்னும் அச்சுக்கலை ஆண்டுமலர் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. குழந்தைகளுக்கு நல்ல படம் தர வேண்டும் என்ற ஆர்வத்தில் தொடங்கிய முயற்சி, அவரை உலகறிந்த அச்சுக்கலை வல்லுநராக உயர்த்தியது.

பேய்க்கதைகள்

கிராமத்துத் தாய்மாரும் பாட்டிமாரும் குழந்தைகளுக்குச் சொல்லிவந்த கதைகளைத் திரட்டி, 1910ஆம் ஆண்டில் துந்துனிர் பொய் என்னும் நூலை அவர் வெளியிட்டார். துந்துனி என்பது இலைகளைத் தைத்துக் கூடுகட்டும் தையல்சிட்டு. உருவிற் சிறிய அக்குருவி அரசனையே திணறடிக்கும். இன்னொரு கதையில் அறிவுள்ள பூனையிடம் புலிகள் தோற்றோடும். வலியோரை எளியோர் அறிவால் வெல்வதே அக்கதைகளின் சுவை.

அவர் எழுதிய பேய்க்கதைகளுள் ஏழு பேய்களைப் பற்றிய கதை ஒன்று. ஏழை நெசவாளி ஒருவனுக்கு அவன் தாய் ஏழு பலகாரங்கள் சுட்டுக்கொடுத்தாள். அவன் மகிழ்ச்சி தாங்காமல் அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு மரத்தடிக்குச் சென்றான். ஒன்றைத் தின்பேனா, இரண்டைத் தின்பேனா, ஏழையும் மென்றுவிடுவேனா என்று உரக்கக் கூவி ஆடினான். அம்மரத்தில் ஏழு பேய்கள் குடியிருந்தன. நம்மைத்தான் தின்ன வந்திருக்கிறான் என்று அவை நடுநடுங்கின. கீழே இறங்கி, உயிர்ப்பிச்சை வேண்டி, கேட்ட உணவையெல்லாம் தரும் மாயப்பானை ஒன்றை அவனுக்குக் கொடுத்தன. அதன்பின் நெசவாளியை வஞ்சித்தவன் பேயல்லன், அவன் நண்பனே! பானையை மாற்றிக் கவர்ந்த அந்நண்பனுக்கு, இறுதியில் பேய்கள் தந்த மாயத்தடியால் நல்ல பாடம் கிடைத்தது.

இவ்விடத்தில் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். உபேந்திரகிசோரின் பேய்கள் குழந்தைகளை அச்சுறுத்துவதற்காக வந்தவை அல்ல. அவை பயப்படும், ஏமாறும், பாட்டுக் கேட்டு மயங்கும், நன்றி பாராட்டும். இருளில் நாம் எதைக் கண்டு அஞ்சுகிறோமோ, அதுவே நம்மைக் கண்டு அஞ்சி நிற்பதாகக் கற்பனை செய்தால் நமக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வந்த இடத்தில் அச்சம் நில்லாது.

சந்தேசு இதழ்

1913ஆம் ஆண்டில் அவர் சந்தேசு என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கினார். வங்கமொழியில் சந்தேசு என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று செய்தி, மற்றொன்று பாற்கட்டியும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு. அறிவுக்குச் செய்தியும் நாவுக்கு இனிப்பும் போல, அவ்விதழில் கதை, பாடல், புதிர், அறிவியல், வண்ணப் படம் ஆகிய அனைத்தும் இருந்தன.

அவ்விதழில் 1915ஆம் ஆண்டில் அவர் எழுதியதே கூபி காயேன் பாகா பாயேன் என்னும் புகழ்மிக்க கதையாகும். கூபிக்குப் பாடுவதில் ஆசை. ஆனால் பாட வராது. பாகாவுக்கு மத்தளம் அடிப்பதில் ஆசை. அவன் அடித்தால் கேட்கச் சகியாது. இருவரையும் ஊரார் விரட்டிவிட்டனர். காட்டிலே சந்தித்த இருவரும் அச்சத்தை மறப்பதற்காகச் சேர்ந்து பாடினர், கொட்டினர். அவ்வோசையைக் கேட்டு வந்தன பேய்கள்! மனிதர் வெறுத்த இசையைப் பேய்கள் விரும்பிக் கேட்டு மகிழ்ந்தன. கேட்டோரை அசையாது நிற்கச் செய்யும் இசை, வேண்டிய உணவைத் தரும் பை, நினைத்த இடத்திற்குக் கொண்டுசெல்லும் காலணிகள் ஆகியவற்றை வரமாக அளித்தன. அவ்வரங்களைக் கொண்டு இரு நண்பர்களும் தங்களை விரட்டியவர்களைப் பழிவாங்கினார்களா? இல்லை. சுண்டி, ஹல்லா என்னும் இரு நாடுகளிடையே மூளவிருந்த போரைத் தடுத்தார்கள்.

இக்கதை வெளிவந்தபோது ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் போரில் ஈடுபட்டிருந்த அந்நாளில், குழந்தைகளுக்குப் போரை நிறுத்தும் கதையைச் சொன்னார் உபேந்திரகிசோர்.

மறைவு

அப்போது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். நீரிழிவு நோய் அவரை வாட்டியது. அந்நோய்க்கு இன்று பயன்படும் இன்சுலின் மருந்து அக்காலத்திற் கிடையாது; 1921ஆம் ஆண்டிலேதான் அது கண்டுபிடிக்கப்பட்டது. நோயுற்ற நிலையிலும் அவர் சந்தேசுக்காக எழுதுவதையும் வரைவதையும் விடவில்லை. 1915ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள், தமது 52ஆம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். சந்தேசை அவர் நடத்தியது இரண்டரை ஆண்டுகளே.

அணையாத விளக்கு

இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று திரும்பியிருந்த மூத்த மகன் சுகுமார் ராய் இதழை ஏற்று நடத்தினார். நகைச்சுவைப் பாடல்களால் வங்கக் குழந்தைகளின் உள்ளங்கவர்ந்த அவரும், காலா அசார் என்னும் காய்ச்சலால் 1923ஆம் ஆண்டில் தமது 35ஆம் வயதிலே காலமானார். சில ஆண்டுகளில் அச்சகமும் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. சந்தேசு நின்றது. தந்தையை இழந்தபோது சுகுமாரின் ஒரே மகனுக்கு வயது இரண்டுதான்.

அக்குழந்தையே பின்னாளில் உலகம் போற்றிய திரைப்பட மேதை சத்தியசித்து ராய். அவர் தம் பாட்டனாரைக் கண்டதே இல்லை. எனினும் பாட்டனாரின் கதைகளைப் படித்து வளர்ந்தார். 1961ஆம் ஆண்டில் கவிஞர் சுபாசு முகோபாத்தியாயுடன் சேர்ந்து சந்தேசை மீண்டும் தொடங்கினார். தாமும் அதிற் சிறுவர்க்காகப் பல கதைகள் எழுதினார்.

1969ஆம் ஆண்டில் கூபி, பாகா கதையைத் திரைப்படமாக்கினார். அப்படத்தில் வரும் பேய்களின் நடனம் பெரும்புகழ் பெற்றது. அந்நடனத்திற்கு அவர் தேர்ந்தெடுத்த இசைக்கருவிகள் எவை தெரியுமா? மிருதங்கம், கடம், கஞ்சிரா, முகர்சிங் என்னும் தென்னாட்டுத் தாளக்கருவிகளே! வங்கத்துப் பேய்கள் நம் தாளத்திற்கு ஆடின என்றால், அது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

நாம் பெறும் படிப்பினை

மாணவச் செல்வங்களே! விண்மீன்களைப் பற்றி எழுதியவரும் உபேந்திரகிசோரே. பேய்களைப் பற்றி எழுதியவரும் அவரே. அறிவும் கற்பனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அறிவு மெய்யை அறியச் செய்யும். கற்பனை உள்ளத்தை விரியச் செய்யும். குழந்தைகளுக்குத்தானே என்று எதையும் குறைவாகச் செய்யாமையே அவருடைய பெருமைக்குக் காரணமாயிற்று.

அவர் திரட்டிய கதைகள் பல, எழுத்தறியாத எளிய மக்கள் சொன்னவை. எழுதி வைத்தமையால் அவை இன்றும் வாழ்கின்றன. நம் முன்னோர் கடல் கடந்து இத்தோட்டங்களுக்கு வந்தபோது பொன்னையும் பொருளையும் கொண்டுவரவில்லை, கதைகளைக் கொண்டுவந்தனர். கொழுந்து பறித்து ஓய்ந்த கைகளோடு பாட்டிமார் சொல்லும் அக்கதைகள் எந்த ஏட்டிலும் இல்லாதிருக்கலாம். சொல்பவர் மறைந்தால் கதையும் மறையும். ஆகவே, அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் பாட்டி தாத்தாவிடம் ஒரு கதையைக் கேளுங்கள். அவர்கள் சொன்னவாறே அதனை ஓர் ஏட்டில் எழுதி, உங்கள் கையாலேயே ஒரு படமும் வரையுங்கள். உபேந்திரகிசோருக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவேயாகும்.