போரடித்த கூட்டத்தில் பிறந்த கணிதம்: யார் இந்த ஸ்டானிஸ்லாவ் உலாம்?

மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டே போகிறார்கள். உங்கள் கை மட்டும் நோட்டு ஓரத்தில் கட்டம், வட்டம், சுழல் என்று எதையோ கிறுக்குகிறது. 1963-ல் ஓர் அறிவியல் கூட்டத்தில் இதே நிலைமையில்தான் உட்கார்ந்திருந்தார் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம். வாசிக்கப்பட்ட கட்டுரை நீளமோ நீளம், செம போர். அன்று அவர் கிறுக்கியது அடுத்த ஆண்டே 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் அட்டையில் வந்தது.

கஃபே மேஜையில் கணக்கு

உலாம் பிறந்தது 1909-ல், லிவிவ் நகரில். அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி, பிறகு போலந்து, இன்று உக்ரைன். அங்கிருந்த ஸ்காட்டிஷ் கஃபேயில் ஸ்டெஃபான் பனாக் போன்ற கணித மேதைகள் மணிக்கணக்கில் உட்காருவார்கள். பளிங்கு மேஜை மீதே பென்சிலால் கணக்குப் போடுவார்கள். மேஜையைத் துடைத்தால் எல்லாம் போச்சு! பனாக்கின் மனைவி ஒரு பெரிய நோட்டு வாங்கித் தந்த பிறகுதான் கணக்குகள் தப்பின. அந்த நோட்டில் உலாமின் புதிர்களும் ஏராளம்.

1939 ஆகஸ்டில் தம்பி ஆடமுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த மாதமே போர் வெடித்தது. ஊரில் இருந்த அப்பாவும் சகோதரியும் நாஜிப் படுகொலையில் பலியானார்கள்.

13-ம் 8-ம் எவ்வளவு?

1946-ல் லாஸ் ஏஞ்சலிஸில் திடீரென்று கடும் தலைவலி, பேச்சு குழறியது. மூளை அழற்சி. அவசர அறுவை சிகிச்சையில் பிழைத்தார். ஆனால் மூளை பழையபடி வேலை செய்யுமா என்ற பயம் விடவில்லை. 13-ஐயும் 8-ஐயும் கூட்டச் சொன்னார் டாக்டர். இதைப் போய்க் கேட்கிறாரே என்று கூச்சப்பட்டு, உலாம் தலையை மட்டும் ஆட்டினார். 20-ன் வர்க்கமூலம் கேட்டதும், ஏறக்குறைய 4.4 என்றார். சரிதானே என்று அவர் திருப்பிக் கேட்க, தனக்குத் தெரியாது என்று நிம்மதியாகச் சிரித்தார் டாக்டர்!

ஓய்வில் இருந்தபோது தனியாக சாலிட்டேர் சீட்டு ஆடினார். ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஃபார்முலாவில் கணக்கிட்டால் தலை சுற்றியது. பேசாமல் நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை ஜெயித்தோம் என்று எண்ணிவிட்டால்? அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் 'மான்டி கார்லோ முறை'. அணு ஆயுத ஆய்வில் தொடங்கி, இன்று நிதி நிறுவனங்கள் ரிஸ்க் கணக்கிடுவது வரை அதுதான். 1951-ல் எட்வர்ட் டெல்லருடன் சேர்ந்து ஹைட்ரஜன் குண்டுக்கு வழிகாட்டியவரும் இதே உலாம் என்பது கதையின் இருண்ட பக்கம்.

அந்தக் கிறுக்கல்

கூட்டத்தில் அவர் முதலில் கட்டம் போட்டது செஸ் புதிர் அமைக்க. மனம் மாறி, நடுவில் 1 எழுதி, சுற்றிச் சுற்றி எண்களை நிரப்பினார்:

17 16 15 14 13
18 5 4 3 12
19 6 1 2 11
20 7 8 9 10
21 22 23 24 25

பிறகு பகா எண்களை மட்டும் வட்டமிட்டார். 19, 7, 23-ஐப் பாருங்கள், ஒரே சாய்கோடு! 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை என்பதால், ஒன்றுவிட்டு ஒரு சாய்கோட்டில் அவை விழுவது இயல்புதான். ஆச்சரியம் வேறு: சில கோடுகளில் அவை குவிகின்றன, சிலவற்றில் அரிதாகின்றன. லாஸ் அலமோஸ் கம்ப்யூட்டரில் பல்லாயிரம் எண்களுக்கு வரைந்தபோதும் அந்தக் கோடுகள் மறையவில்லை.

நடுவில் 1-க்குப் பதில் 41 போட்டுத் தொடங்கினால், ஒரு சாய்கோட்டில் தொடர்ந்து 40 பகா எண்கள் வரும். 18-ம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கவனித்த சூத்திரத்தின் படம் அது. சூத்திரமாக எழுதினால் ஒரு வரி. வரைந்தால் கண்ணே கண்டுபிடித்துவிடுகிறது.

உலாம் 1984-ல் மறைந்தார். இப்படி ஒரு சாய்கோட்டை முடிவில்லாமல் நீட்டினால் பகா எண்கள் வந்துகொண்டே இருக்குமா? ஆம் என்றே கணிதவியலாளர்கள் நம்புகிறார்கள். ஒரே ஒரு கோட்டுக்குக்கூட இன்றுவரை நிரூபணம் இல்லை.