சுழல் துப்பாக்கி ஆக்கிய சாமுவேல் கோல்ட்

மொன்றியலில் பழைய படைக்கலங்களைச் சேகரிப்போர், கோல்ட் சுழல் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும் அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பர். கைப்பிடியின் அடியில் எல்.சி. என்னும் எழுத்துக்கள் உண்டா என்று தேடுவர். அவை கீழ்க் கனடாவை, அதாவது இன்றைய கியூபெக்கைக் குறிப்பன. 1855 இல் தொண்டர் குதிரைப்படைக்கென அரசு வாங்கிய துப்பாக்கிகளில் இவ்வாறு பொறிக்கப்பட்டது. மேல் கனடாவுக்குரியவை யு.சி. என்ற எழுத்துக்களைப் பெற்றன.

சாமுவேல் கோல்ட் 1814 ஜூலை 19 இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரிற் பிறந்தார். பதினாறாவது வயதிற் கப்பலேறிக் கல்கத்தா சென்றார். சுழலும் உருளையின் மாதிரியை அப்பயணத்திலேயே மரத்திற் செதுக்கினார் என்பர். திரும்பியபின், சிரிப்பூட்டும் வாயுவை மக்கள் முன் காட்டிக் காசு சேர்த்தவாறு ஊர் ஊராகத் திரிந்தார், கனடாவுக்கும் வந்தார். 1836 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எனினும் பற்றர்சன் நகரில் தொடங்கிய தொழிலகம் 1842 இல் வீழ்ந்தது. மெக்சிக்கோப் போரின்போது அரசு 1,000 துப்பாக்கிகளைக் கேட்டதே அவரை மீட்டது. தமக்கெனத் தொழிற்சாலை இல்லாமையால் 1847 இல் பிறர் பட்டறையில் அவற்றைச் செய்வித்தார்.

உறுப்புக்களை இயந்திரத்தால் ஒரே அச்சாகச் செய்வதையே அவர் பெருமையாகப் பேசினார். உண்மையில், இறுதிப் பொருத்தம் அரம் பிடித்த கைகளாலேயே நடந்தது. அதனாலன்றோ குழலிலும் உடற்சட்டத்திலும் விசைக்காப்பிலும் ஒரே தொடரிலக்கம் அடிக்கப்பட்டது! சேகரிப்போருக்கு இன்று அதுவே துணை. இலக்கம் வேறுபட்டால், உறுப்பு மாற்றப்பட்டிருக்கிறது. 1851 ஆம் ஆண்டின் கடற்படை மாதிரியில் விசைக்காப்பின் பின்புறம் சதுரமாயின் அது மிகத் தொடக்க காலத்தது, வட்டமாயின் பிந்தியது. குழலின் மேலுள்ள முகவரி நியூயோர்க்கா, ஹார்ட்போர்ட்டா, இலண்டனா என்பதும் கவனிக்கத்தக்கது. இலண்டனில் அவர் 1853 இல் ஒரு தொழிற்சாலை திறந்திருந்தார். எழுத்துக்களைப் பின்னாளில் அடித்துவிடுதல் எளிது. எல்.சி. இருந்தும் தொடரிலக்கம் 1855 இற்குப் பிந்தியதாயின் நம்புதற்கில்லை.

கிரிமியப் போரில் பிரித்தானியருக்கும் ரஷ்யருக்கும் விற்றவர் கோல்ட். 1861 இல் உள்நாட்டுப் போர் மூளும்வரை தென் மாநிலங்களுக்கும் அனுப்பினார். போரினால் ஊரிழந்து வந்த நமக்கு இப்பகுதியை வியப்போடு மட்டும் வாசித்தல் இயலாது.

பெருஞ்செல்வராக, 1862 ஜனவரி 10 இல், 47 வயதிற் காலமானார். 1864 இல் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. மனைவி எலிசபெத் அதனை மீளக் கட்டுவித்தார். கடற்படை மாதிரி 1873 வரை அங்கே செய்யப்பட்டு வந்தது.