மூசி ஆற்றை அடக்கிய பொறியாளர்

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஐதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி ஆறு கரைகளைக் கடந்து தெருக்களுக்குள் புகுந்தது. அனந்தகிரி மலையில் தோன்றிக் கோடையில் பெரிதும் மணற்பரப்பாய்க் கிடக்கும் ஆறு அது. அன்று அதன் சீற்றத்தால் மாண்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். நகரை இணைத்த பாலங்களுள் மூன்று சிதைந்தன; நிலைத்து நின்றது மிகப் பழைய பாலம் ஒன்றே. அப்சல்கஞ்ச் பகுதியில் புளியமரம் ஒன்றின் கிளைகளைப் பற்றிக்கொண்ட நூற்றைம்பது பேர் உயிர் பிழைத்தனர்.

இத்தகைய பேரழிவு மீண்டும் நேராதிருக்க வழிகாணுமாறு நிசாம் மகபூப் அலிகானின் அரசு மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அப்போது அவர் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையிலிருந்து விலகி வெளிநாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்தார்.

கோலார் பகுதியின் முத்தேனஹள்ளியில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயில் பெங்களூரில் படித்தவர். மைசூர் அரசின் உதவித்தொகையால் புனேயில் பொறியியல் பயின்று, 1884இல் பம்பாய் மாகாணப் பணியில் சேர்ந்தார். 1903இல் கடக்வாசலா நீர்த்தேக்கத்தில் அவர் அமைத்த தானியங்கி மதகுகள் புகழ் பெற்றவை. நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் அவை தாமே திறக்கும். வெள்ளம் வடிந்ததும் தாமே மூடிக்கொள்ளும். அணையின் சுவரை உயர்த்தாமலே கூடுதல் நீரைத் தேக்க இவ்வமைப்பு உதவியது.

1909 ஏப்ரலில் ஐதராபாத் வந்த அவர், கரையை உயர்த்துவது பற்றி முதலில் எண்ணவில்லை. நகருக்கு மேலே விழும் மழைநீர் எவ்வழியே வந்து சேர்கிறது என்பதையே ஆராய்ந்தார். மழைப் பதிவுகளைத் திரட்டினார். வெள்ளம் விட்டுச்சென்ற அடையாளங்களை அளக்கச் செய்தார். உச்சநிலையில் நொடிக்கு 4,25,000 கனஅடி நீர் பாய்ந்ததெனக் கணக்கிட்டார். ஆற்றின் வடிநிலத்தில் 788 ஏரிகள் இருந்தன. அவற்றுள் 221 ஏரிகள் அம்மழையில் உடைந்திருந்தன. மேலே உள்ள ஏரி உடைந்தால் அதன் நீரைத் தாங்காது கீழுள்ள ஏரியும் உடையும். ஊரை வாழவைக்கும் ஏரியே பேணப்படாதபோது ஊரை அழிக்கும் என்பதை அக்கணக்கு காட்டியது.

நகருக்குள் கரைகளை மட்டும் உயர்த்தினால் அத்துணைப் பெருவெள்ளத்தைத் தடுக்க இயலாது. எனவே வெள்ளத்தை நகரை அடையும் முன்பே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தார். மூசியின் மீது ஒன்றும், அதன் துணையாறான ஈசியின் மீது ஒன்றுமாக, நகருக்குச் சில கல் தொலைவு மேலே இரு நீர்த்தேக்கங்கள் கட்டுமாறு பரிந்துரைத்தார். பெருமழையின்போது அவை நீரை உள்வாங்கித் தேக்கும். ஆறு தாங்கும் அளவே கீழே விடும். நகரப் பகுதியில் கரைகளைச் செப்பனிட்டுச் சாலைகளும் பூங்காக்களும் அமைக்கவும் கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை அளித்து, அடுத்த மாதமே மைசூர் அரசின் தலைமைப் பொறியாளரானார்.

பரிந்துரைக்கும் அணைக்கும் இடையே நெடுங்காலம் கழிந்தது. முதல் நீர்த்தேக்கமான உசுமான் சாகர் 1920இல் நிறைவுற்றது; இமாயத் சாகர் 1927இல் நிறைவுற்றது. இதற்கிடையில் அவர் காவிரியின் குறுக்கே கண்ணம்பாடி அணையைத் தொடங்கியிருந்தார்; 1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாகவும் விளங்கினார். பின்னர் ஐதராபாத்தின் கழிவுநீர் வடிகால் திட்டத்திற்காகவும் அவர் அறிவுரை நாடப்பட்டது. 1955இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், நூறு வயதைக் கடந்து 1962 ஏப்ரலில் பெங்களூரில் மறைந்தார்.

வெள்ளத்தைத் தடுக்கக் கட்டப்பட்ட அவ்விரு நீர்த்தேக்கங்களும் ஐதராபாத்தின் குடிநீர் ஆதாரங்களாயின. அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடங்கள் பெருகாதிருக்க 1996இல் ஆந்திரப் பிரதேச அரசு ஆணை பிறப்பித்தது. அப்புளியமரமோ மருத்துவமனைத் தோட்டத்தில் பல்லாண்டுகள் தழைத்து நின்றது.