ஊர்ப் பள்ளிகளின் காவலர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராங்க்ளின் என்றோர் ஊர் உண்டு. 1778-ஆம் ஆண்டு அது தனி ஊராக அமைக்கப்பட்டபோது, அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தம் பெயரைத் தாங்கிய ஊரின் வழிபாட்டு மன்றத்துக்கு அவர் ஒரு மணியை நன்கொடையாகத் தரவேண்டும் என்று அவரிடம் கேட்கப்பட்டது. மணியைவிட நூல்களே ஊருக்கு நன்மை தரும் என்று எண்ணிய அவர், 116 நூல்களை அனுப்பிவைத்தார். அந்த நூல்களைப் படித்து வளர்ந்த ஓர் ஏழை உழவர் வீட்டுச் சிறுவன்தான், பின்னாளில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் தந்தை என்று போற்றப்பட்ட ஹொரேஸ் மான்.

1796-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பிறந்த மானின் இளமை வறுமையில் கழிந்தது. 13 வயதில் தந்தையை இழந்தார். அடுத்த ஆண்டே அண்ணன் நீரில் மூழ்கி இறந்தார். வைக்கோலைப் பின்னித் தொப்பி செய்வோருக்கு விற்று, அந்தக் காசில் பாடநூல் வாங்கினார். 15 வயது வரை, எந்த ஓர் ஆண்டிலும் அவர் பத்து வாரங்களுக்கு மேல் பள்ளிக்குச் சென்றதில்லை. அவரது சோம்பல் அதற்குக் காரணமன்று. அந்த ஊர்ப் பள்ளி நடைபெற்றதே அவ்வளவுதான்.

ஏன் அப்படி? இதற்கான விடையில்தான் மானின் வாழ்க்கைப் பணி அடங்கியிருக்கிறது.

மாசசூசெட்ஸ், கல்வியைப் புறக்கணித்த மாநிலமன்று. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் படிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று 1647-இலேயே அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், காலப்போக்கில் மக்கள் ஊரின் நடுவிலிருந்து விலகிப் பண்ணைகளில் சிதறி வாழத் தொடங்கினர். தொலைவிலுள்ள பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்ப இயலாத நிலையில், ஒவ்வொரு பகுதியினரும் தமக்கென ஒரு பள்ளியைக் கேட்டனர். இவ்வாறு ஓர் ஊர் பல பள்ளி வட்டாரங்களாகப் பிரிந்தது. 1789-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வட்டாரங்களை ஏற்றுக்கொண்டது. 1827-ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வட்டாரப் பொறுப்பாளருக்கே வழங்கியது.

சில பத்துக் குடும்பங்கள் கூடித் தம் குழந்தைகளுக்கான பள்ளியைத் தாமே நடத்துவது, கேட்பதற்கு இனிய ஏற்பாடு. பள்ளிக்கூடத்தை எங்கே கட்டுவது, விறகை யார் கொடுப்பது, எத்தனை வாரங்கள் பள்ளி நடத்துவது என்பதையெல்லாம் அவர்களே கூடி முடிவு செய்தனர். ஆசிரியர் வாரத்துக்கு ஒரு வீடாகத் தங்கி உண்டார். பள்ளி தம்முடையது என்ற உணர்வு ஊராருக்கு இருந்தது.

நடைமுறையில் அது வேறாக முடிந்தது. ஆசிரியர் தேர்வு பல இடங்களில் பொறுப்பாளரின் உறவினருக்கு வேலை தரும் வழியாயிற்று. தகுதியைவிடக் குறைந்த கூலியே பெரிதாகப் பார்க்கப்பட்டது. ஆசிரியரைத் தேர்வு செய்து சான்றளிக்கும் கடமை ஊர்ப் பள்ளிக் குழுவுக்கு இருந்தும், பல குழுக்கள் அதைச் சடங்காகவே கருதின. வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, பொதுப் பள்ளிக்கு வரி கொடுக்கத் தயங்கினர். ஒரே ஊரில் ஒரு வட்டாரத்துக் குழந்தை ஆறு மாதம் படிக்க, அடுத்த வட்டாரத்துக் குழந்தை இரண்டு மாதமே படித்தது. குழந்தையின் கல்வி, அது பிறந்த வீதியின் செல்வத்தையும் தாராள மனத்தையும் பொறுத்ததாயிற்று.

நாடோடி ஆசிரியர் ஒருவரிடம் ஆறே மாதம் பயின்று, பிரவுன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்த மான், 1819-இல் பட்டம் பெற்றார். வழக்கறிஞரானார். 1827-இல் சட்டமன்ற உறுப்பினரானார். மனநலம் குன்றியோர் சிறைகளில் அடைபட்டுக் கிடந்த காலத்தில், அவர்களுக்காக வூஸ்டர் நகரில் அரசு மருத்துவமனை அமைய முன்னின்றார். 1832-இல் இளம் மனைவி சார்லட் இறந்தார். அந்தத் துயரம் அவரை நெடுங்காலம் வாட்டியது. ஆயினும் பொது வாழ்வில் உயர்ந்து, மாநில மேலவையின் தலைவரானார்.

1837-இல் மாசசூசெட்ஸ் கல்வி வாரியம் அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் பொறுப்பை ஏற்குமாறு தொழிலதிபர் எட்மண்ட் டுவைட் வற்புறுத்தினார். ஆண்டு ஊதியம் 1,500 டாலர். நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலையும், இன்னும் உயரத்துக்கு இட்டுச் செல்லக்கூடிய அரசியலையும் துறந்து மான் அப்பொறுப்பை ஏற்றார். நண்பர்கள் வியந்தனர். ஏனெனில், அந்தப் பதவிக்கு அதிகாரம் ஏதுமில்லை. ஓர் ஆசிரியரை அமர்த்தவோ நீக்கவோ, ஒரு பள்ளியைத் திறக்கவோ மூடவோ செயலாளரால் இயலாது. செய்திகளைத் திரட்டலாம், மக்களிடம் எடுத்துரைக்கலாம், ஆண்டுக்கு ஓர் அறிக்கை அளிக்கலாம். அவ்வளவே.

இந்த எளிய கருவிகளைக் கொண்டே அவர் தம் பணியைத் தொடங்கினார். குதிரையேறி மாநிலம் முழுவதும் பயணம் செய்தார். ஒவ்வொரு கவுண்டியிலும் ஆண்டுதோறும் கல்விக் கூட்டம் நடத்தினார். பள்ளிகளின் வருகைக் கணக்கு, நடந்த வாரங்கள், ஆசிரியர் ஊதியம், வசூலான வரி ஆகியவற்றை ஊர்தோறும் கேட்டுப் பெற்றுத் தொகுத்தார். ஒரு குழந்தைக்கு எந்த ஊர் எவ்வளவு செலவிடுகிறது என்று வரிசைப்படுத்தி வெளியிட்டார். பட்டியலில் கடைசியில் நின்ற ஊரைத் தண்டிக்க அவருக்கு உரிமையில்லை. ஆனால், அண்டை ஊர் தம்மைவிட மேலே நிற்பதைக் கண்ட மக்கள் ஊர்க் கூட்டங்களில் கேள்வி கேட்கத் தொடங்கினர். எந்த ஆணையும் செய்யாத வேலையை அந்தப் பட்டியல் செய்தது.

பள்ளிக் கட்டடங்களைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். அடுப்பருகில் அமர்ந்த குழந்தை வெப்பத்தால் வாட, சன்னலருகில் இருந்த குழந்தை குளிரில் நடுங்கியது. சாய்மானமில்லாத பலகையில் கால் தரையில் படாமல் நாள் முழுவதும் அமர்ந்திருந்தது. காற்றோட்டமற்ற அறையில் தலைவலியோடு படித்தது. இவற்றையெல்லாம் ஒரு மருத்துவரின் பொறுமையோடு அவர் விவரித்தார். 1840-களின் நடுவில் பிட்ஸ்ஃபீல்டில் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் நடக்கவிருந்தது. அங்குச் சென்றபோது பள்ளிக்கூடம் கூட்டப்படாமல் கிடந்தது. மானும், உடன் வந்த மாநில ஆளுநர் ஜார்ஜ் பிரிக்ஸும் துடைப்பங்களை வாங்கித் தாமே கூட்டித் தூய்மை செய்தனர் என்று அவர் வரலாறு கூறுகிறது.

நல்ல ஆசிரியரின்றி நல்ல பள்ளி இல்லை என்பதை உணர்ந்த மான், ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்காகப் போராடினார். டுவைட் 10,000 டாலர் அளித்தார். அரசும் அதே தொகையை ஒதுக்கியது. 1839 ஜூலையில் லெக்சிங்டனில் முதல் அரசுப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்ட நாளில் சேர்ந்தவர்கள் மூன்றே பெண்கள். மான் மனம் தளரவில்லை. அந்த மூவரிலிருந்து தொடங்கி, பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர்கள் நாட்டுப்புறப் பள்ளிகளின் முதுகெலும்பாயினர். அவர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சிக்கனம் பார்த்த வட்டாரங்கள் அவர்களை வரவேற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பு பல முனைகளிலிருந்து வந்தது. ஊர்களின் உரிமையில் மாநிலம் தலையிடுகிறது என்று கூறி, வாரியத்தையும் பயிற்சிப் பள்ளிகளையும் ஒழிக்க 1840-இல் சட்டமன்றத்தில் முயற்சி நடந்தது. அதற்கு ஆதரவாக 182 வாக்குகளும் எதிராக 245 வாக்குகளும் விழுந்ததால் வாரியம் பிழைத்தது. 1843-இல் மேரி பீபாடியை மணந்து, தேனிலவுப் பயணமாக ஐரோப்பா சென்ற மான், அங்கும் பள்ளிகளையே பார்வையிட்டார். பிரம்பின்றிப் பாடம் நடத்திய பிரஷ்ய ஆசிரியர்களைப் பாராட்டி அவர் எழுதிய அறிக்கை, பாஸ்டன் நகரின் 31 தலைமையாசிரியர்களைச் சினமூட்டியது. அவர்களுக்கும் மானுக்கும் இடையே நூல்வடிவிலேயே நெடும் போர் நடந்தது.

குறைகளும் அவரிடம் இல்லாமலில்லை. பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகள் தனிப் பள்ளிகளில் ஒதுக்கப்பட்டதை அவர் போதிய அளவு எதிர்க்கவில்லை என்று அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வெண்டல் பிலிப்ஸ் கடுமையாகச் சாடினார். பொதுப் பள்ளிக்கு ஆதரவு குறைந்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவர் குரலைத் தாழ்த்தியிருக்கலாம். எல்லோருக்கும் பொதுவான பள்ளி என்று பேசியவரிடம் அந்தத் தயக்கம் ஒரு குறையே. பின்னர் நாடாளுமன்றம் சென்றபோது, அடிமை முறைக்கு எதிராக அவர் உரத்த குரல் கொடுத்தார்.

1848-இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் மறைவால் காலியான இடத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மான் செயலாளர் பதவியிலிருந்து விலகினார். அந்த 12 ஆண்டுகளில் பள்ளிகளுக்கான ஒதுக்கீடு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஏறத்தாழ 50 உயர்நிலைப் பள்ளிகள் தோன்றின. ஆசிரியர் ஊதியமும், பள்ளி நடைபெறும் காலமும் கூடின. 1852-இல் அமெரிக்காவிலேயே முதலாவதாக மாசசூசெட்ஸ் கட்டாய வருகைச் சட்டத்தை இயற்றியது. ஆயினும், எல்லாக் கேடுகளுக்கும் வேர் என்று அவர் கருதிய வட்டார முறை அவர் கண்முன் வீழவில்லை. ஒழிக்கப்படுவதும் மீண்டும் உயிர்பெறுவதுமாக இருந்து, 1882-இல்தான் அது மாசசூசெட்ஸில் முற்றிலும் மறைந்தது.

அதைக் காண மான் இல்லை. 1853 முதல் ஒஹையோ மாநிலத்தின் ஆன்டியாக் கல்லூரித் தலைவராக இருந்து, ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயில வழிசெய்தார். கல்லூரியைக் கடன் நெருக்கியது. அதைக் காக்கும் போராட்டத்தில் உடல் தளர்ந்து, 1859-ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றிய சில வாரங்களில், ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலமானார். பிராவிடன்ஸ் நகரில், முதல் மனைவியின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

சிறிய வட்டாரங்களின் கதை அவரோடு முடிந்துவிடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 1,27,000-க்கும் மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள் இருந்தன. இன்று ஏறத்தாழ 13,000 மட்டுமே உள்ளன. இணைப்பால் நல்ல ஆய்வகங்களும் பாடத்துக்கு ஓர் ஆசிரியரும் கிடைத்தனர். கூடவே, குழந்தைகளின் பேருந்துப் பயணம் நீண்டது. பள்ளியை இழந்த சிற்றூர்கள் தம் கூடுமிடத்தையே இழந்தன. பெரிதாக்கிவிட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

மான் கண்ட உண்மை வேறு. ஊரின் அக்கறை இல்லாமல் பள்ளி உயிர்வாழாது. ஆனால் ஊரின் அக்கறையை மட்டும் நம்பிக் குழந்தையை விட்டுவிடவும் கூடாது. ஏழை ஊரின் குழந்தைக்கும் மாநிலம் முழுவதும் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடன் தீர்க்கப்படுகிறதா என்பதை ஒருவர் நேரில் சென்று பார்க்க வேண்டும். எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும். கண்டதை அஞ்சாமல் மக்கள் முன் வைக்க வேண்டும். அதிகாரமற்ற ஒரு செயலாளர் அதைச் செய்து காட்டினார். அதிகாரம் உள்ளவர்கள் செய்யாமலிருக்கக் காரணம் ஏதுமில்லை.