கைவேகத்தின் மன்னர் சுகர் ரே ராபின்சன்

உலகம் போற்றும் விளையாட்டு வீரர்கள் பலர். அவர்களுள் கைவேகத்தால் பெரும்புகழ் பெற்றவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன். குத்துச்சண்டை என்றாலே எங்களுக்குச் சற்று அச்சம்தான். ஆயினும் இவருடைய வாழ்க்கையைப் படித்தபோது, நாம் அனைவரும் அறிய வேண்டியது அதில் உண்டு என்று உணர்ந்தோம்.

இவர் 1921 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் நாள் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வாக்கர் ஸ்மித். பெற்றோர் பிரிந்தபின், தாய் தம் மகனையும் இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு டிட்ராய்ட் நகரிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தார். அங்கே சிறுவன் தெருவில் நடனமாடிக் காசு சேர்த்தான். பின்னர் ஓர் ஆலயத்தின் அடித்தளத்தில் இருந்த பயிற்சிக் கூடத்தில் ஜார்ஜ் கெய்ன்ஃபோர்டு என்பவரிடம் குத்துச்சண்டை பயின்றான். போட்டிக்குரிய வயது வராததால், ரே ராபின்சன் என்ற வேறொருவரின் அட்டையைக் காட்டி மேடை ஏறினான். அது முறையன்று, ஆனால் அப்பெயரே நிலைத்துவிட்டது.

அவரது கைவேகம் பிறவியிலேயே முழுமையாக வந்ததன்று. நாம் இடைவேளையில் விளையாடும் ஸ்கிப்பிங்கை அவர் இசைக்கு ஏற்ப நாள்தோறும் பயின்றார். கால் தாளம் தவறாவிட்டால் கையும் தடுமாறாது அல்லவா? பலகையின் அடியில் தொங்கும் சிறு தோல் பந்தை இரு கைகளாலும் மாறிமாறித் தட்டுவதும், எதிராளி நிற்பதாக எண்ணிக் காற்றில் குத்திப் பழகுவதும் குத்துச்சண்டை வீரர்களின் அன்றாடப் பயிற்சிகள். தோளும் கையும் இறுகியிருந்தால் வேகம் வராது. தளர்வாக வைத்து, தொடும் கணத்தில் மட்டும் முட்டியை இறுக்க வேண்டும். நீட்டிய வேகத்திலேயே கையைத் திரும்ப இழுக்கவும் வேண்டும்.

இப்பயிற்சியின் பயனாக 1946 டிசம்பரில் வெல்டர் எடைப் பிரிவில் உலக வீரரானார். 1951 முதல் மிடில் எடைப் பட்டத்தை 5 முறை வென்றார்.

ஆனால் அந்த வேகமே அவருக்குப் பெருந்துயரையும் தந்தது. 1947 ஜூன் 24 அன்று கிளீவ்லாந்து நகரில் ஜிம்மி டாயில் என்ற இளைஞருடன் மோத வேண்டியிருந்தது. தம் குத்தினால் டாயில் இறப்பதாக முன்னதாகவே கனவு கண்டு, போட்டியே வேண்டாம் என்றார். குருவானவர் ஒருவர் தைரியம் சொன்னபின் இசைந்தார் என்பர். எட்டாம் சுற்றில் ராபின்சனின் இடக்கைக் குத்தில் விழுந்த டாயில் மறுநாள் உயிர் துறந்தார். தம் தாய்க்கு ஒரு வீடு வாங்க வேண்டும் என்பது டாயிலின் ஆசை. அதை அறிந்த ராபின்சன், அடுத்து வந்த போட்டிகளில் ஈட்டிய பணத்தை அத்தாய்க்கு வழங்கினார். போன உயிர் திரும்பாது. எனினும் ஒரு மகனின் கடமையை அவர் தம் கடமையாக ஏற்றார்.

ஈட்டிய செல்வத்தை ஆடம்பரத்தில் இழந்த அவர் 1965 இல் ஓய்வு பெற்றார். 1969 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பை நிறுவினார். வியப்பு யாதெனில், அங்கே குத்துச்சண்டைப் பயிற்சிக்கு இடமில்லை! இறுதியில் நினைவாற்றலை இழந்து, 1989 ஏப்ரல் 12 அன்று காலமானார்.

அன்புத் தோழியரே, பயிற்சியால் எந்தக் கையும் வேகம் பெறும். அந்த வேகத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே பெரிது. அடிக்க விரையும் கையைவிட, விழுந்தவர் வீட்டுக்கு உதவ விரையும் கையே உயர்ந்தது. அத்தகைய கைகளை நாமும் பெற முயல்வோமாக!