தம் உடலையே சோதனைக்கூடமாக்கிய ஹால்டேன்

ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காவிரி இரு கிளையாகப் பிரிந்து அணைத்துச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். அதற்குச் சற்று மேற்கே கண்ணம்பாடி அணை. அதன் முழு நீர்மட்டம் 124.80 அடி. ஊரை விட்டு இங்கே படிக்க வந்த நான், நம் ஊர் வயலுக்கு வரும் நீர் இதுதானே என்று அக்கரையில் நின்றேன். அந்த இருண்ட நீரின் அடியில் மனிதன் மூச்சுவிட முடியுமா என்ற எண்ணமும் எழுந்தது.

அத்தனை ஆழத்தில் அழுத்தம், கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ நாலரை மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப்போல மயக்கும். விரைந்து மேலேறினால் அதுவே உடலுக்குள் குமிழிகளாகி உயிரையும் பறிக்கும். இன்று முதுகில் காற்றுக் கலம் சுமந்து ஏரியில் மூழ்குவோர் இவற்றை முன்பே அறிவர். அந்த அறிவுக்காகத் தம் உடலை வருத்திக்கொண்டவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையாரும் விஞ்ஞானியே. மூழ்கியவர் எங்கெங்கே நின்று மேலேற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டவர் அவர். அதற்காக 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் நடந்த சோதனையில் 13 வயது மகனும் மூழ்கினான். பெரியவர் உடை, உள்ளே நீர் புகுந்தது. சிறுவன் அஞ்சவில்லை.

1939 ஜூனில் தீட்டிஸ் என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர், தப்பியவர் நால்வரே. காரணம் அறியும் பொறுப்பு ஹால்டேனிடம் வந்தது. அவர் கூலிக்கு ஆள் தேடவில்லை. தாமும் தோழர்களும் இரும்பு அறைக்குள் புகுந்து, கெட்ட காற்றையும் கடும் அழுத்தத்தையும் உறைகுளிரையும் தாங்கினார். ஆழத்தில் தூய பிராணவாயுவும் நஞ்சாகும் என்பதை வலிப்பு வந்து அறிந்தார். முதுகெலும்பில் பட்ட காயம் நெடுநாள் நோவு தந்தது.

மரபியலிலும் பெரும்புகழ் பெற்ற அவர், 1957இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். இந்தியக் குடிமகனுமானார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. இறந்த பின்னும் அது மாணவர்க்குப் பாடமாயிற்று!

தோழர்களே, ஆய்வுக்கூடத்தில் ஆபத்தான வேலையை ஏவலாளிடம் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிறர் ஏற்க வேண்டிய துன்பத்தை முதலில் தாம் ஏற்ற இப்பெரியாரை அப்போது நினைவுகொள்வோம்.